தவளை முட்டையணு: ஏற்பிகளும் அயனி மின்னோட்டமும்

ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையணு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுடையது, வெறுங்கண்ணுக்கே தெரியும். இரண்டு நுண்கண்ணாடி மின்முனைகளைச் செருகி அதன் சவ்வைக் கடக்கும் மின்னோட்டத்தை அளப்பார்கள். சவ்வில் இயல்பாகவே உள்ள மஸ்கரினிக் ஏற்பியை நரம்புத் தூதுப்பொருளான அசிட்டைல்கோலின் தூண்டினால், உள்ளே கால்சியம் விடுபடும். அது குளோரைடு வாயில்களைத் திறக்கும். அசிட்டைல்கோலினின் மற்றொரு ஏற்பியான நிக்கோட்டினிக் ஏற்பியோ தானே வாயில், இடையாள் தேவையில்லை. 1982-இல் பர்னார்டு, மிலேடி, சுமிகாவா ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் மின்திருக்கையின் தூது ஆர்.என்.ஏ.வை முட்டையணுவில் செலுத்தி, இந்த ஏற்பியை அங்கேயே உருவாக்கிக் காட்டினர். அருமையான சோதனை!

தஞ்சை வயல்களுக்கும் இந்த ஏற்பியோடு தொடர்புண்டு. நெற்பயிரைக் கருகவைக்கும் புகையான் பூச்சிக்குத் தெளிக்கப்படும் இமிடாகுளோபிரிட் தாக்குவது பூச்சியின் நிக்கோட்டினிக் ஏற்பியைத்தான். ஆய்வகத்தில் எதிர்ப்புப் பெற்ற புகையானில், ஏற்பியின் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது 2005-இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் மருந்தின் வீரியத்தைக் குறைப்பதைத் தவளை முட்டையணுவிலேயே அளந்தறிந்தனர்.