நயினாதீவுக் கல்வெட்டும் திரையில் தோன்றாப் படங்களும்

பொலன்னறுவையிலிருந்து அரசு புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையொன்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் கல்லிலே தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளது. பரதேசிகள் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கும், வணிகப் பண்டம் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் பாதியும் பண்டாரத்தைச் சேரும், எஞ்சியது உடையவனுக்குரியது. சிங்கள மன்னனின் ஆணை தமிழிலே அமைந்தமை கருதத்தக்கது. துறையில் இறங்குவோர் அறியாத மொழியில் வெட்டப்பட்ட ஆணை, கல்லில் இருந்தும் இல்லாததேயாம்.

இக்கல்வெட்டைக் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். இன்று இத்தகைய ஆய்வறிக்கைகள் மசிப்படியும் நிழற்படமும் சேர்த்துக் கணினித் திரைக்கென ஆக்கப்படுகின்றன. ஆயின், பழைய இணைய உலாவியிலே வாசகம் தோன்ற, படத்தினிடத்தில் வெற்றுக் கட்டமே நிற்பதுண்டு. இதற்குக் காரணம் யாது?

எழுத்துடன் படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டும் முறை 1993இல் மொசாயிக் உலாவியாற் பரவியது. பின்னர், படத்தைத் தனிக்கோப்பாக வையாது, எழுத்துத் தொடராக மாற்றி அறிக்கையினுள்ளேயே பொதியும் வழக்கம் எழுந்தது. இன்ரர்நெற் எக்ஸ்புளோரரின் ஏழாம் பதிப்பு வரை இம்முறையை அறியாது. 2009இல் வந்த எட்டாம் பதிப்பும் 32 கிலோபைற்றுக்கு மேற்பட்டதை ஏலாது. 2010இல் அறிமுகமான வெப்பி வடிவம் சஃபாரி உலாவியில் 2020இலேயே இடம்பெற்றது. மூலப்படங்களைச் சேமிக்கும் டிஃப் வடிவத்தைப் பெரும்பாலான உலாவிகள் காட்டமாட்டா. மேலும், பழைய உலாவிகள் பல இன்றைய காப்புடைய இணைப்புமுறையை அறியாமையால், வேற்றுத் தளத்திலுள்ள படம் அவற்றை வந்தடைவதில்லை.

ஆகவே, முதலிற் படத்தின் முகவரியைத் தனியே திறந்து பார்த்தல் வேண்டும். அது தோன்றுமாயின் குற்றம் பக்கத்தின் அமைப்பிலுள்ளது. தோன்றாதாயின் புதிய உலாவியிலும் சோதித்தல் வேண்டும். ஆங்குத் தோன்றினால் குற்றம் வடிவத்திலோ இணைப்பிலோ உள்ளது. ஆங்கும் தோன்றாவிடின் முகவரியையும் கோப்பையும் ஆராய்தல் வேண்டும். படம் பொதிந்தே வைக்கப்பட்டிருப்பின், அதனைத் தனிக்கோப்பாகப் பிரித்தலே பரிகாரம்.

மூலப்படம் டிஃப் வடிவிற் பேணப்படுக. வாசகனுக்கு ஜேபெக்கு அல்லது பிஎன்ஜி வடிவில் ஒரு படி வழங்கப்படுக. கல்வெட்டின் வாசகம் படத்தருகே எழுத்தாகவும் இடம்பெறுக. தீவுப்பகுதி மாணவன் ஒருவனிடம் பழைய கணினியே இருக்கலாம். ஊராத்துறைக்கு வந்தோர் அறியும் மொழியிலே அன்று ஆணை வெட்டப்பட்டது. அம்மாணவனின் கணினி அறியும் வடிவிலே அதன் படத்தை வழங்குதல் இன்று அறிக்கை ஆக்குவோர் கடனாகும்.