கரைக்கும் கப்பலுக்கும் இடையே

கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ஆம் ஆண்டில் சென்னையில் இடம் பெற்றபோது, மலிவான பருத்தித் துணியும் கோட்டை கட்டுவதற்கு அப்பகுதியை ஆண்ட நாயக்கர் அளித்த அனுமதியும் அதன் கண்ணில் பட்டனவேயன்றி, அந்தக் கரையில் துறைமுகத்துக்குரிய வளைகுடாவோ ஆழமான ஆற்று முகமோ இல்லை என்னும் குறை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அதன் விளைவாக, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் பயணியும் அலைகளைக் கடந்து கரைசேர மசூலா படகையே நம்ப வேண்டியிருந்தது.

ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட இப்படகு, விறைத்த ஐரோப்பியப் படகுகள் உடைந்து சிதறிய இடத்திலும் அலையின் அடிக்கு நெகிழ்ந்துகொடுத்தது. அடியில் ஊறும் நீர் துணிப் பொதிகளை நனைக்காதிருக்கச் சுள்ளிகளைப் பரப்பினர். படகும் இறங்க முடியாத நாட்களில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் பத்திரப்படுத்திக் கப்பலுக்குக் கொண்டுசென்றனர். ஒரு மாகாணத்தின் வணிகம் முழுவதும் மீனவர்களின் கைத்திறனில் தங்கியிருந்தது என்று கூறுவது மிகையாகாது. ஆயினும் கம்பெனியின் வரலாறுகளில் கவர்னர்களுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் 1861-இல் அமைந்தபின்னும் கப்பலுக்கும் பாலத்துக்கும் இடையே படகு வேண்டியே இருந்தது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்களை, அதாவது கடலுக்குள் கல்லால் எழுப்பி உள்நீரை அமைதியாக வைக்கும் கரைகளை, 1881-ஆம் ஆண்டுப் புயல் பெருமளவு சிதைத்தது. மீண்டும் கட்டியபோதும் வாயில் கிழக்கு நோக்கியே இருந்ததால், தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அதனை மேடாக்கியது. 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்காகத் திருப்பிய பிறகே துறைமுகம் நிலைபெற்றது. தடைப்பட்ட மணல் சுவருக்குத் தெற்கே தங்கி மெரினாவை அகலமாக்க, வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது.

சரக்குக்காகவே எழுந்த இவ்வமைப்பு பயணிகளுக்கும் பயன்பட்டது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. தனியறையின்றித் தளத்தில் பாய்விரித்துச் செல்லும் ‘டெக்’ பயணிகளாக மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோரை ஏற்ற அது தொடக்கத்தில் உரிமம் பெற்றிருந்தது. ஆயினும், சென்னையில் கப்பல்மேடையிலிருந்து ஏறியவர்கள் அடைந்த வசதி, மலாயாத் தோட்டங்களுக்குப் பெருந்திரளாகப் புறப்பட்ட இடமாகிய நாகையில் கிட்டவில்லை. அங்கே கப்பல் தொலைவில் நிற்க, படகில் சென்றே ஏற வேண்டியிருந்தது. வருவாய் தரும் சரக்கு குவிந்த இடத்தில் கற்சுவர் எழுந்தது, கூலிகள் குவிந்த இடத்தில் எழவில்லை என்பது கருதத்தக்கது.

ரஜுலா 1973-இல் விலகியபின் அத்தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு மலேசியப் பயணிக் கப்பல் போக்குவரத்தும் முடிவுற்றது. அதற்குள் விமானப் பயணம் பரவியிருந்தது. துறைமுகமோ, பொருள்களை இரும்புப் பெட்டியில் அடைத்துப் பெட்டியோடு ஏற்றியிறக்கும் கன்டெய்னர் முறைக்கு 1983-லேயே தனி முனையம் அமைத்திருந்தது. இன்று அங்கிருந்து வழக்கமாகப் பயணிகளை ஏற்றிச் செல்வன பெரும்பாலும் அந்தமான் கப்பல்களே.