சிறிய கிட்டாரின் குரல்

கூட்டத்தில் மெல்லிய குரல் எடுபடுவதில்லை. கிட்டாரின் வரலாறும் இதையே கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் செய்த கிட்டார்கள் சிறு உடல் கொண்டவை. ஓசை தெளிவு, அடிநாதம் குறைவு. உரக்க ஒலிக்க வேண்டி, 1916இல் 'டிரெட்நாட்' என்னும் பெரிய வடிவம் பிறந்தது.

பின்னர் மின்சாரம் துணைக்கு வந்தது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட 'பிக்கப்' எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும். நைலான் தந்தியை உணராது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த படிக மின்விளைவால் இயங்கும் பிக்கப், தந்திகளின் அழுத்தத்தை உணரும், இரண்டுக்கும் பொருந்தும். முன்னதில் மரத்தின் குரல் குறையும். பின்னதில் ஓசை சற்றுக் கூர்மையாகும்.

ஒலிபெருக்கியின் முன் பெரிய உடல் எளிதில் ஊளையிடும். சிறியது பெரும்பாலும் அடங்கி நிற்கும். எனவே, பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்குமுன் மின்சாரமின்றி மீட்டிக் கேட்போம். பிக்கப் ஓசையைப் பெருக்கும். இல்லாத இனிமையைத் தராது.