மலையகத் தோட்டப் பெண்களின் மூச்சும் உழைப்பும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மூச்சு இயற்கையின் பாற்பட்டது. ஆயின் மூச்சிரைப்பு யாரை, எத்தகைய வேலையின்போது பற்றுகின்றது என்பது சமூக வரலாற்றின் பாற்பட்டது. இலங்கையின் மலையகம் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை அதனிடத்தைப் பெற்றது. கோப்பி பருவகால உழைப்பை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகளை வேண்டிற்று. அக்கைகள் பெரும்பாலும் பெண்களுடையனவாயின. ஹட்டன், நுவரெலியாச் சரிவுகளில் கூடை சுமந்து ஏறியிறங்கும் உடலின் ஆற்றல், நிறுவைத் தராசின் வழியாகக் கூலியாக மாறிற்று. நிறை குறைந்தால் அரைப்பேர்.

உடலின் தளர்ச்சி துரைமாருக்குச் சோம்பலாகத் தெரிந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தினர் மாத்தளைத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, அத்தளர்ச்சிக்குக் குருதிச்சோகை ஒரு காரணம் என்பது நிருவாகத்தின் கவனத்துக்கு வந்தது. எனினும், தொழிலாளியின் நலன் உற்பத்தித்திறனின் பெயராலேயே பேசப்பட்டது.

இவ்வரலாற்றின் முக்கிய கட்டம் 1970களில் வருகின்றது. கார்ட்னர், எட்ஜேர்ட்டன், பேராதனையில் மருத்துவம் கற்பித்த பிரையன் சேனவிரத்ன முதலியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், 75 பெண்கள் நகரும் பட்டைமீது நடக்கவைத்துச் சோதிக்கப்பட்டனர். அவர்களது ஈமோகுளோபின் அளவு 100 மில்லிலீற்றருக்கு 6.1 முதல் 15.9 கிராம் வரை வேறுபட்டிருந்தது. அளவு குறைந்தோர் விரைவிற் களைத்தனர். அவர்களது இதயத்துடிப்பும் மிகுந்து காணப்பட்டது. நுரையீரல் காற்றை உள்வாங்கினும், இரும்புச்சத்துக் குறைந்த குருதியால் ஒட்சிசனைப் போதியளவு தசைகளுக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிற் காற்றழுத்தம் கடல்மட்டத்திலும் ஐந்திலொரு பங்கு குறைவு என்பதையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

1979இல் வெளிவந்த தொடராய்வு கொழுந்தின் நிறையையே அளவுகோலாகக் கொண்டது. ஒரு மாதம் இரும்புச்சத்துப் பெற்று ஈமோகுளோபின் உயர்ந்தோர் போலி மாத்திரை பெற்றோரிலும் மிகுதியாகக் கொழுந்தெடுத்தனர். சோகை கடுமையாயிருந்தோரிடம் முன்னேற்றமும் கூடுதலாயிருந்தது. நாளாந்த உடலியக்கமும் மூன்று வாரங்களிலேயே அதிகரித்தது. சோம்பல் என்ற பழி இவ்வாறு அறிவியலால் தகர்ந்தது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. மீட்கப்பட்ட மூச்சு யாருக்குச் சொந்தம்? ஆய்வு நிகழ்ந்த அப்பத்தாண்டிலேயே 1973-74இன் உணவுத் தட்டுப்பாடு லயங்களைப் பட்டினியில் ஆழ்த்திற்று. 1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. கூலியுறவை அது மாற்றவில்லை. ஆணுக்குச் சமமான நாட்கூலி பெண்ணுக்கு 1984இலேயே கிட்டியது. மாத்திரை குருதியைத் திருத்தும். குருதியை வற்றச்செய்த உணவையும், கழிப்பிடத்தையும், கூலியையும் அது திருத்தாது. கொழுந்தின் நிறை கூடியதை உற்பத்திப் பெருக்கமெனக் கணக்கிடுவோர், வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும் பெண்ணிடம் எஞ்சும் வலுவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குத் தோட்டக் கணக்கேடு மட்டும் போதாது. தொழிலாளியின் உடலும் ஓர் ஆவணமே.