தையல் பிரித்த பிறகு: உத்திரமேரூர் வட்டாரத்தில் கார்ப்பல் டனல் அறுவையும் கை தேறும் காலமும்

கார்ப்பல் டனல் அறுவை செய்துகொண்டவர் எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார் என்பதைக் குணத்தின் அளவுகோலாகக் கொள்வது மருத்துவ ஆய்வுகளில் வழக்கம். சீக்கிரம் திரும்பினால் சிகிச்சை பலித்தது; தாமதித்தால் எங்கோ கோளாறு. தொழிலாளர் ஈட்டுத்தொகை பெறுவோர் மற்றவர்களைவிடத் தாமதமாகவே திரும்புகிறார்கள் என்பதும் மேலை நாட்டு ஆய்வுகளில் அடிக்கடி வரும் முடிவு. அதைச் சோம்பலுக்குச் சான்றாகப் படிப்போர் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர்ப் பக்கம் நின்று படித்தால் பொருள் தலைகீழாகிறது: ஈடு கிடைப்பவர் கை ஆறும்வரை காத்திருக்கிறார், கிடைக்காதவர் ஆறாத கையோடு போகிறார். இங்கே விரைவாகத் திரும்புவதை வைத்து அறியக்கூடியது கூலிமுறையின் நெருக்கடியைத்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோயின் உடற்கூறு எளிது. மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே ஓடும் தடித்த தசைநாருக்கும் இடையிலான குறுகிய வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் முதலில் நசுங்குவது நரம்பு. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மதமதத்து, இரவில் எறும்பு ஊறுவதுபோல் இருந்து விழிப்புத் தட்டி, கையை உதறினால் கொஞ்சம் தணியும். குறுக்குத் தசைநாரை அறுத்து வழியை அகலமாக்குவதே அறுவை. 1933ல் ஜேம்ஸ் லியர்மந்த் பதிவுசெய்த இம்முறையை ஐம்பதுகளில் ஜார்ஜ் ஃபேலன் பரவலாக்கினார். இன்று கையை மட்டும் மரக்கச்செய்து, அரைமணிக்குள் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பின்னால்தான். இரவு மதமதப்பு சிலருக்கு அன்றிரவே விடுகிறது. பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தையல் பிரிக்கிறார்கள். ஆனால் அறுபட்ட தசைநாரின் இருபுறமும், உள்ளங்கையின் அடிமேடுகளில், ஊன்றினால் உயிர்போகும் வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பிடிவலு முதலில் குறைந்து, பழைய அளவுக்கு வர மூன்று மாதமளவு ஆகும். கட்டைவிரல் மேடு வற்றிய பிறகு வந்தவருக்கு அது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எப்போது வேலைக்குப் போவது என்பதில் அறுவை மருத்துவர்களே ஒத்துப்போவதில்லை. பிரிட்டனில் 2018ல் வெளியான ஒரு கருத்தறிதலில், கடும் உடலுழைப்புக்கு அவர்கள் சொன்ன ஓய்வு ஒரு நாள் முதல் 90 நாள் வரை இருந்தது. இவ்வளவு அகலமான இடைவெளியை நிரப்புவது மருத்துவமாக இருக்க முடியாது.

‘கடும் உழைப்பு’ என்ற தலைப்பே இந்த வட்டாரத்துக்குப் போதாது. பட்டுத்தறியில் உட்காருபவர் ஒரு கையால் பலகையை இழுத்து அடிக்கிறார். வலிக்கும் மேடு அந்தப் பலகையில்தான் பதிகிறது. கோர்வைப் புடவையில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக ஊடை ஓட்டும் மூன்று நாடாக்கள், கூடவே ஓர் உதவியாள். ஒருவர் கை நின்றால் இருவர் கூலி நிற்கிறது. தறியில் ஏற்றிய பாவு பாதியில் கிடக்கும், வாங்கிய முன்பணம் கழியாது. நடவுக்குப் போகும் பெண்ணுக்குக் கனம் பெரிதல்ல, சேறுதான் பெரிது: பிரித்த தையலின் ஈரத்தழும்போடு நாற்று முடியைப் பிடித்து மணிக்கட்டை மடக்கி மடக்கி ஊன்ற வேண்டும். மாடு வைத்திருப்பவருக்குத் தையல் பிரிக்கும்வரை காத்திருக்கும் சலுகையும் இல்லை. மறுநாள் விடியலிலேயே கறந்தாக வேண்டும், அதுவும் கட்டைவிரலின் அழுத்தத்தில். அவர் திரும்பிய நாளைப் புள்ளிவிவரத்தில் சேர்த்தால் உலகிலேயே வேகமாகக் குணமானவர் அவராகத்தான் இருப்பார்.

ஓய்வு என்பதையும் இங்கே தவறாகப் புரிந்துகொள்ள ஒரு மரபு இருக்கிறது. கையில் எது வந்தாலும் எலும்பு வைத்தியமான புத்தூர்க் கட்டுக்குப் போய்ப் பழகிய வடமாவட்டங்களில், வைத்தியம் பார்த்த கை என்றால் கட்டிவைத்த கை. பத்தியமாகக் கத்தரிக்காய், கருவாடு விலக்குவதால் பெரிய கேடில்லை. கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டு அசைக்காமல் வைப்பதால் உண்டு. விரல்கள் முதல் நாளிலிருந்தே மடங்கி நீள வேண்டும், இல்லையேல் இறுகும். அறுவைக்குப் பின் மணிக்கட்டுப் பட்டை அணிவதால் பயன் கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. தேவைப்படுவது அசையாமை அன்று, பளு இல்லாத அசைவு. தறியும் வயலும் இந்த நடுநிலையைத் தருவதில்லை: முழு வேலை, அல்லது வேலையே இல்லை.

இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு, தகுதி நாட்கள் இருந்தால், நோய்க்காலத்தில் கூலியின் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். தற்செயலாக, பிடிவலு தேறுவதற்கு வேண்டிய மூன்று மாதமும் அதுவும் ஒன்றே. உத்திரமேரூர் நெசவாளியும் நடவாளியும் இந்த வளையத்துக்கு வெளியே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவைத்தான் பார்க்கும், போன கூலியைப் பார்க்காது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனல் பெயர் சொல்லியே இடம்பெற்றது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலிருந்த 29 நோய்களில் அது இருக்கவில்லை. இருந்திருந்தாலும் வீட்டுத்தறி தொழிற்சாலை ஆகியிருக்காது.

கைக்கும் பிழைப்புக்கும் உள்ள உறவை மருத்துவம் இதற்கு முன் பக்கத்திலேயே சந்தித்திருக்கிறது. செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், 1947ல், தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் முடங்கிய விரல்களைப் பார்த்தார். பிறகு வேலூரில் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அவற்றை நிமிர்த்தினார். நிமிர்ந்த கையால் பிச்சை எடுக்கவும் முடியவில்லை, தொழிலும் தெரியவில்லை என்று நோயாளிகள் வந்து நின்றபோது, தொழில் கற்கும் குடியிருப்பு ஒன்றை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே எழுப்பினார். அறுவையின் முடிவைக் கூலியோடு சேர்த்துக் கணக்கிட்ட முன்னுதாரணம் அது. (தொழுநோய் மீடியன் நரம்பையும் தாக்கும். இந்தப் பகுதியில் மரத்த கையோடு வருபவரின் தோலில் தேமலைத் தேடாமல் கத்தியை எடுப்பது பிழை.)

எதிர்வாதம் ஒன்று வலுவானது. நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பம் ஆகியவையும் இந்நோயைத் தரும். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். அப்படியிருக்கத் தறிதான் காரணம் என்று எப்படி நிறுவுவது? தனியொருவர் விஷயத்தில் பெரும்பாலும் நிறுவ முடியாது. ஆனால் நோய் எதனால் வந்தாலும் ஆறுவது மெதுவாகத்தான், நீரிழிவு இருந்தால் இன்னும் மெதுவாக. எனவே காரணத்தை நிரூபிக்கச் சொல்லும் ஈட்டுத்தொகையைவிட, காரணம் கேட்காத நோய்க்கால உதவியே இவர்களுக்குப் பொருந்தும்.

அதற்கான வழிகள் பாதி ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அவர் பிடிவலுவைத் தறிப் பலகையிலும் பால் செம்பிலும் வைத்துச் சோதிக்கலாம். தொழிலாளர் நல வாரியங்கள் மூக்குக் கண்ணாடிக்குப் பணம் தருகின்றன. நெசவுக்குக் கண் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட வாரியம், கைக்கு ஆறு வாரக் கூலியைத் தர மறுக்க எந்தக் கொள்கையைக் காட்டும் என்பது விளங்கவில்லை.