துறைமுகமும் நான்கு பற்றுகளும்

திருகோணமலை என்றதும் உலகத்தார் நினைவுக்கு வருவது அதன் துறைமுகமே. ஆயினும் கோட்டைகளின் கதை மாத்திரம் அம்மண்ணின் கதையாகிவிடாது. கோட்டைக்குள் இருந்தோருக்குச் சோறளித்தவை அயலூர்கள். நகரையும் அயலையும் ஒருங்கு நோக்கினாலன்றி அதன் வரலாறு விளங்காது.

முதலில் நிலத்தின் அமைப்பைக் காண்போம். கிழக்கே கடலுள் நீண்டு நிற்கும் பாறைமீது கோணேசர் கோயில். மேற்கே குன்றுகள் சூழ்ந்த உட்துறைமுகம். இரண்டிற்கும் இடையே நகரம். தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மத்திய மலைநாட்டிலே தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, மூதூருக்கு அண்மையில் இக்குடாவிலே கலக்கின்றது. குடாவின் அடியிலே ஆழ்ந்த கடற்பள்ளத்தாக்கு ஒன்றும் உண்டு.

வாடைக்காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்குவதற்குத் தக்க துறை இருக்கவில்லை. வாடையாயினும் சோளகமாயினும் அடைக்கலந்தரும் திருகோணமலையை அந்நியர் அவாவியதன் காரணம் இதுவே. போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து, அவ்விடத்திலே கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1782ஆம் ஆண்டொன்றிலேயே முதலில் ஆங்கிலேயரும், பின்னர் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் அதனைக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், 1957 வரை அங்கே கடற்படைத்தளம் வைத்திருந்தனர். 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இத்துறைமுகத்தின் பொருட்டே.

இனி அயலை நோக்குவோம். பழைய நாளிலே இப்பிரதேசம் நான்கு பிரிவுகளாக விளங்கிற்று. நகரைச் சார்ந்தது ஒன்று; வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் முதலிய ஊர்களைக் கொண்ட கட்டுக்குளப்பற்று; தென்மேற்கே தம்பலகாமப்பற்று; குடாவின் தென்கரையிலே கொட்டியாரப்பற்று. கந்தளாய்க் குளத்து நீரால் தம்பலகாமத்து வயல்கள் விளைந்தன. அவ்வூரிலுள்ள ஆதிகோணநாயகர் கோயில், கடற்கரைக் கோயில் அழிந்த பின்னரும் வழிபாடு அற்றுப்போகாமல் காத்தது. கொட்டியாரமோ மலைநாட்டரசின் கடல்வாயிலாகவும் இருந்தது. 1659இல் புயலிற் சிக்கிய ஆங்கிலக் கப்பலொன்று, செப்பனிடப்படுவதற்காக அங்கே வந்தது. அதிலிருந்த றொபேட் நொக்ஸ், அடுத்த ஆண்டிலே கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டிலே சிறையிருந்தார்.

பற்றுகளின் பயனை ஒல்லாந்தரும் அறிந்தனர். திருகோணமலையில் அதிகாரியாயிருந்த வான் சென்டன், 1786இல் இப்பற்றுகளூடே பயணஞ்செய்து, குளங்களையும் வயல்களையும் குறித்து நாட்குறிப்பு எழுதினார். நெல்லின்றிப் பீரங்கி நில்லாதென்பது கோட்டை காத்தவர்க்குத் தெரிந்தேயிருந்தது.

ஆயினும் ஊர்களை வளமாக்கிய நீரே அவற்றைப் பிரித்தும் வைத்தது. 1927இல் புகையிரதம் நகரைக் கொழும்போடு இணைத்தது. கண்ணுக்கெட்டிய தூரத்திலிருந்த மூதூருக்கோ படகேறியே செல்லவேண்டியிருந்தது. தரைவழியாகச் சென்றால் துறைதோறும் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்திருத்தல் வேண்டும். நோயாளியும் பிரசவ வேதனையுற்ற தாயும் நீர்க்கரையிலே காத்துக்கிடந்த துயரத்தை அவ்வூரார் அறிவர்.

2006இல் மாவிலாற்று அணையின் மதகு மூடப்பட்டு, வயல்களுக்கு நீர் தடைப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. மூதூர் மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலே தெற்கேயுள்ள ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் அமைந்தன.

துறைமுகத்துக்காகப் பல வல்லரசுகள் பொருதன. அவை வந்தன, போயின. நகரத்தையும் பற்றுகளையும் பிணைத்த உறவோ போகவில்லை. குளத்து நீர் வயலுக்குப் பாய்வதும், வயலின் நெல் நகருக்குச் செல்வதும், நோயுற்றவர் தடையின்றி வைத்தியசாலையை அடைவதுமே ஒரு நாட்டின் உண்மையான அரண். இதனை மறந்து துறைமுகத்தின் ஆழத்தை மாத்திரம் அளப்போர், திருகோணமலையை முற்றும் அறிந்தவராகார்.