பெர்காவ் அணை: ஒரு அதிகாரி எழுதி வாங்கிய உத்தரவு

1988 ஜூன் மாதம் ஒரே நாளில் மலேசிய நிதி அமைச்சருக்கு பிரிட்டனிடமிருந்து இரண்டு கடிதங்கள் போயின. முதல் கடிதம் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் எழுதியது. ஆயுத விற்பனையையும் வளர்ச்சி உதவியையும் முடிச்சுப் போட முடியாது என்றது அது. இரண்டாவது, கோலாலம்பூரில் இருந்த பிரிட்டிஷ் தூதருடையது. மலேசியாவுக்கு 20 கோடி பவுண்டு வரை உதவி கிடைக்கும் என்றது.

இந்த 20 கோடி எங்கிருந்து வந்தது? மூன்று மாதம் முன்பு, அந்த வருடம் மார்ச்சில், இதே யங்கர் மலேசியாவோடு ஒரு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார். வாங்கும் ஆயுதத்தின் மதிப்பில் 20 சதவீதம் அளவுக்கு பிரிட்டன் உதவி தரும் என்பது அதன் சாரம். பேசப்பட்ட ஆயுத விற்பனை சுமார் 100 கோடி பவுண்டு. அதில் 20 சதவீதம் எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். காகிதத்தில் முடிச்சை அவிழ்த்தாச்சு, தொகை மட்டும் அப்படியே நின்றது.

அந்த உதவிப் பணம் போய்ச் சேர்ந்த இடம்தான் பெர்காவ். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், 600 மெகாவாட் நீர்மின் திட்டம். கட்டப்போவது பிரிட்டிஷ் கம்பெனிகள். 'உதவி மற்றும் வர்த்தக ஒதுக்கீடு' என்று 1977-ல் தொடங்கிய திட்டம் ஒன்று பிரிட்டனில் இருந்தது. ஏழை நாடுகளுக்கான பணத்தில் ஒரு பகுதியை, பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு வெளிநாட்டில் ஆர்டர் பிடித்துக் கொடுக்கப் பயன்படுத்துவது அதன் வேலை. பெர்காவ் அந்தக் கணக்கில் வந்தது.

1989 மார்ச்சில் பிரதமர் தாட்சர், லண்டன் வந்திருந்த மகாதீரிடம் வாய்மொழியாக உதவியை உறுதி செய்தார். அப்போது சொல்லப்பட்ட திட்டச் செலவு 31.6 கோடி பவுண்டு. இரண்டே வாரத்தில் கம்பெனிகள் 39.7 கோடி என்றன. பிரதமர் வாக்குக் கொடுத்தாச்சு, இனி எப்படிப் பின்வாங்குவது? அடுத்த இரண்டு வருடமும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் எல்லாம் நடந்தது.

வெளிநாட்டு உதவித் துறையின் பொருளாதார நிபுணர்கள் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மலேசியாவிடம் எரிவாயு இருக்கிறது. எரிவாயு மின்நிலையம் கட்டுவதோடு ஒப்பிட்டால், பெர்காவால் மலேசிய மின் நுகர்வோர் மொத்தமாக 10 கோடி பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வந்தது. அதாவது, உதவி பெறும் மக்களுக்கே இந்த 'உதவி' நஷ்டம்.

இங்கேதான் டிம் லங்கஸ்டர் வருகிறார். அந்தத் துறையின் உச்ச அதிகாரி. பிரிட்டிஷ் முறையில் ஒரு துறையின் நிரந்தரச் செயலாளர் அந்தத் துறையின் கணக்குக்கும் பொறுப்பு. செலவு ஏன் செய்தீர்கள் என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கேட்டால் அவர்தான் போய் உட்கார்ந்து பதில் சொல்லணும். ஒரு செலவு காசுக்குப் பெறாதது என்று அவர் நினைத்து, அமைச்சர் "இல்லை, செய்" என்றால், "அப்படியானால் எழுத்தில் உத்தரவு கொடுங்கள்" என்று அவர் கேட்கலாம். உத்தரவு வந்துவிட்டால் அவர் செய்தாக வேண்டும். ஆனால் பொறுப்பு அமைச்சருக்குப் போய்விடும்.

நம்ம மென்பொருள் ஆட்களுக்கு இது உடனே புரியும். புரொடக்‌ஷனில் ஆபத்தான மாற்றம் ஒன்றைச் செய்யச் சொன்னால், யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று டிக்கெட்டில் பதிவாகாமல் கை வைக்க மாட்டோம். மாற்றத்தைத் தடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பதிவு இருக்கும்.

லங்கஸ்டர் அதைத்தான் செய்தார். 1991-ல் எதிர்ப்பை எழுத்தில் வைத்தார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட், பிரதமர் கொடுத்த வாக்கை மீறினால் நாட்டின் பெயர் கெடும் என்ற காரணத்தைச் சொல்லி, எழுத்தில் உத்தரவு கொடுத்தார். 14 வருடத்தில் 23.4 கோடி பவுண்டு, பெரும்பாலும் கடன் வட்டியைக் குறைக்கும் மானியமாகப் போக வேண்டும் என்று முடிவானது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1993-ல் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்தது. 1994 ஜனவரியில் பொதுக் கணக்குக் குழு முன் லங்கஸ்டர் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பத்திரிகைகளின் குற்றச்சாட்டுகளால் கோபமான மகாதீர், பிப்ரவரியில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசு ஒப்பந்தம் கிடையாது என்று அறிவித்தார். அந்தத் தடை செப்டம்பரில்தான் நீங்கியது.

இதற்கிடையில் 'உலக வளர்ச்சி இயக்கம்' என்ற தன்னார்வ அமைப்பு நீதிமன்றம் போனது. நம்ம ஊர் பாஷையில் பொதுநல வழக்கு. அரசுத் தரப்பு முதலில் கேட்டது, "உங்களுக்கு இதில் என்ன சொந்தப் பாதிப்பு?" நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. விஷயம் முக்கியமானது, இவர்களை விட்டால் கேட்க வேறு யாரும் இல்லை என்றது.

1994 நவம்பர் 10 தீர்ப்பு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. ஆயுத பேரத்தை வைத்து நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. 1980-ன் சட்டம், ஒரு நாட்டின் வளர்ச்சியை ஊக்குவிக்கவே இந்தப் பணத்தைச் செலவிட அனுமதிக்கிறது. பொருளாதார ரீதியில் உருப்படாத திட்டம் என்று அரசின் சொந்த நிபுணர்களே சொன்ன ஒன்று எப்படி வளர்ச்சி நோக்கமாகும்? எனவே செலவு சட்டவிரோதம். இந்த முடிவுக்கு ஆதாரமாக நின்றது லங்கஸ்டரின் எழுத்துப்பூர்வ எதிர்ப்பு. அவர் வாயால் மட்டும் முனகிவிட்டு விட்டிருந்தால் வழக்குக்குப் பிடிமானமே இருந்திருக்காது.

மலேசியாவுக்குக் கொடுத்த வாக்கை பிரிட்டன் மீறவில்லை. ஆனால் பணம் உதவி நிதியிலிருந்து போகக்கூடாது என்றாகி, அரசு வேறு கணக்கிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. பழைய கோப்புகளைத் தோண்டியதில் இதே சட்டச் சிக்கல் உள்ள இன்னும் மூன்று திட்டங்கள் அகப்பட்டன: அங்காரா மெட்ரோ, இந்தோனேசியத் தொலைக்காட்சி ஸ்டுடியோக்கள், போட்ஸ்வானாவில் ஒரு விமானத் தகவல் மையம்.

1997-ல் ஆட்சி மாறியதும் உதவிக்கென்று தனி அமைச்சகம் வந்தது. அந்த வர்த்தக ஒதுக்கீடு மூடப்பட்டது. 2001-ல் பிரிட்டிஷ் கம்பெனிகளிடமே வாங்கணும் என்ற நிபந்தனை ஒழிந்தது. 2002-ன் சட்டம் வறுமைக் குறைப்பை உதவியின் நோக்கமாக எழுதி வைத்தது. பெர்காவ் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விவாதங்களில் பெர்காவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

2020-ல் அந்தத் தனி அமைச்சகத்தை மறுபடி வெளியுறவுத் துறையோடு இணைத்துவிட்டார்கள். உதவி தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 2021-ல் 0.5 ஆனது, 2027-ல் 0.3 ஆகும் என்று 2025-ல் அறிவிப்பும் வந்தாச்சு. தொகையைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். ஆனால் பெர்காவில் தொகை குறைவு என்று யாரும் புகார் சொல்லவில்லை. பணம் இருந்தது, சட்டமும் இருந்தது, கணக்குப் போடத் தெரிந்த நிபுணர்களும் இருந்தார்கள். இத்தனை இருந்தும் 1991-ல் அந்தச் செலவு நிற்கவில்லை. மூன்று வருடம் கழித்தாவது அது கேள்விக்கு வந்ததற்குக் காரணம், கோப்பில் இருந்த ஒரு எதிர்ப்பும் அதற்கு எழுத்தில் வந்த பதிலும்தான். எந்த நாட்டு உதவித் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் நான் இப்போது முதலில் தேடுவது அந்த மாதிரிக் காகிதத்தைத்தான்.